விடிலிக்குள் பத்து ஸ்டாப்

தேரிக்காட்டு விடிலி ஒன்றுக்குள் நின்று வாசல் பக்கமாகத் திருப்பினால் எந்தக் கேமராவும் திணறிப்போகும். பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைதான் விடிலி. வருடக்கணக்கில் புகை குடித்து அதன் கூரையும் தட்டியும் அட்டக்கறுப்பாகிக் கிடக்கும். சன்னல் கிடையாது. வாசலுக்கு வெளியே பத்தடியில் செம்மணல் மேடு, அதன்மேல் முன்பகல் வெயில். அடுப்படியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வாசல் வெறும் வெள்ளையாகப் போய்விடும். வாசலுக்கு வைத்தால் உள்ளே ஆளையே காணோம். ஃபிளாஷ் அடிக்கலாமே என்பார்கள். அடித்தால் முன்னால் நிற்கும் புகைதான் வெளுத்துத் தெரியும், கூரைக் கரி சாம்பல் நிறமாகிவிடும். அது கல்யாண மண்டபத்துப் படம். விடிலிப் படம் இல்லை.

ஷட்டர் வேகத்தை எழுதிப் பார்த்தால் சங்கதி விளங்கும். ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 8 என்று வைத்துக்கொள்வோம். வெளியே மணலுக்கு 1/500 வினாடி போதும். உள்ளே கூரைக் கம்பு தெரிய வேண்டுமானால் ஷட்டர் 2 வினாடி திறந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பதால் ஆயிரம் மடங்கு என்பது பத்து ஸ்டாப். நல்ல கேமராவின் ரா ஃபைல் பன்னிரண்டு, பதின்மூன்று ஸ்டாப் தாங்கும் என்று சோதனைக்கூடக் கணக்கு உண்டு. ஆனால் அதன் அடிமட்ட ஸ்டாப்புகளில் படத்தைவிடப் புள்ளிக் குப்பைதான் அதிகம். கடைசியில் இதெல்லாம் போய்ச் சேருகிற காகிதமோ, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசத்தைத்தான் காட்டும். ஆயிரத்துக்கு மேல் இருப்பதை நூறுக்குள் அடக்குவதுதான் எச்டிஆர் வேலை.

உடன்குடி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு இது சோறு போடுகிற வேலை கிடையாது. கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் சைஸ், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகிற வேஷக்காரர்கள் - இவைதான் சோறு போடுகின்றன. எச்டிஆர் நான் ஆசைக்குப் பழகியது. பிறகு 2023ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பட்டியைப் பெட்டியில் அடைத்துக் கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு லேபிளில் போட விடிலிப் படம் தேவைப்பட்டது. அப்போதுதான் அந்த ஆசைக்குக் கொஞ்சம் கூலியும் வந்தது.

பிலிம் காலத்தில் தொழில் பழகியவன் நான். திருச்செந்தூரில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர், இருட்டறையில் கம்பி நுனியில் வட்ட அட்டையை ஒட்டிவைத்திருப்பார். பிரிண்ட் போடும்போது முகத்துக்கு வரும் வெளிச்சத்தை அந்த அட்டையால் இரண்டு வினாடி மறைப்பார், முகம் கறுக்காது. வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் விட இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நடுவில் ஓட்டை வைத்துப் பிடிப்பார். டாட்ஜிங், பர்னிங். நெகடிவில் பென்சில் டச்சிங் தனி. ஒரே படத்தில் இரண்டு விதமான வெளிச்சத்தைச் சமாளிக்கிற வித்தையைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவருக்கும் முந்தியவர்கள் உண்டு. அந்தக் காலத்து நெகடிவுக்கு நீல நிறத்தில் உணர்திறன் அதிகம். நிலத்துக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும், மேகமே இருக்காது. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று கோயில் கோயிலாக எடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகடிவில் வண்ணத்தைத் தொட்டு மேகங்களைக் கையாலேயே வரைந்து சேர்த்திருக்கிறார். அதற்கு ஒரு வருடம் முன்பு பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, செத் துறைமுகத்தில் கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு ஒரு நெகடிவும் எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே படமாகப் போட்டார். இன்று நான் ஆறு ஃபைல்களை வைத்துச் செய்வதை அவர் இரண்டு கண்ணாடித் தகடுகளை வைத்துச் செய்துவிட்டார்.

கம்ப்யூட்டர் வழிக்கு அடித்தளம் போட்டது பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 2003ல் ஃபோட்டோமேடிக்ஸ் வந்தது. 2005ல் ஃபோட்டோஷாப் சிஎஸ் 2 அந்த வசதியைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் ஃபோட்டோஷாப் இல்லாத இடமில்லை. காசு கொடுத்து வாங்கிய இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. லேபில் ஆல்பம் டிசைன் செய்கிற பையன்கள் ஒருவருக்கொருவர் சிடி மாற்றிக்கொள்வார்கள். வைரஸும் கூடவே வரும்.

எனக்கு வழி திறந்தது அக்கா மகளின் லேப்டாப். 2011ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கிம்ப்பை அதில்தான் முதலில் திறந்தேன். 1995ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க 2012ல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அந்த நாட்களில் கைகொடுத்தது. கிம்ப்போடு லூமினன்ஸ் எச்டிஆர், ஹுகின், என்ஃப்யூஸ், ரா தெரப்பி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒன்றுக்கும் காசு இல்லை. ஒரே பட்டனை அழுத்திப் படத்தை வாங்குகிற வசதியும் அவற்றில் இல்லை. சீரமைக்க ஒன்று, இணைக்க ஒன்று, அடக்க ஒன்று, கடைசிக் கைவேலைக்கு ஒன்று என்று வேலை பிரிந்து கிடக்கும். அதனாலேயே எந்தக் கட்டத்தில் படம் கெடுகிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

பாதி வேலை விடிலியிலேயே முடிந்துவிட வேண்டும். கேமராவில் பதியாத வெளிச்சத்தை எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர முடியாது. தேரி மணலில் ஸ்டாண்டு ஊன்றினால் சிறுகச் சிறுக இறங்கும்; ஆகவே மூன்று காலுக்கும் அடியில் கருக்குமட்டைத் துண்டு வைப்பேன். கேமராவை எம் மோடில் வைத்து, ஃபோகஸைக் கையால் பிடித்து, வெண்மைச் சமநிலையைப் பூட்டிவிட வேண்டும். அப்பெர்ச்சரைத் தொடக் கூடாது; தொட்டால் ஃபோகஸ் ஆழம் படத்துக்குப் படம் மாறிவிடும், ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ஷட்டர் சக்கரம் மட்டும்தான் திரும்பும்: 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2 வினாடி. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஆறு படங்கள். கேமராவிலேயே இருக்கும் தானியங்கி பிராக்கெட்டிங், என்னுடைய கேனன் 600டி மாதிரிச் சாதாரணக் கேமராக்களில் மூன்று படத்தோடு நின்றுவிடும். மேஜிக் லேண்டர்ன் என்ற இலவச இணைப்பு நிரலைப் போட்டால் ஒன்பது வரைக்கும் போகும். பழைய கேமராவாக இருந்தால் போட்டுப் பாருங்கள். வாரண்டி உள்ள புதிய கேமராவில் வேண்டாம்.

இத்தனை ஒழுங்குக்கும் விடிலியில் அசையாமல் இருப்பது சுவர் மட்டும்தான். தீ அசையும். ஆவி அசையும். துடுப்பு நிற்கவே நிற்காது, நின்றால் அடிப்பிடித்துவிடும்.

"யக்கா, கொஞ்ச நேரம் ஆடாம அசையாம இருப்பியளா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"நான் இருப்பேன் தம்பி. பதனி இருக்குமா?" என்றார் அடுப்படியிலிருந்த அக்கா. பொங்கி வந்த நுரையை அடக்க, நசுக்கிய ஆமணக்கு முத்தைச் சட்டிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் கிண்டத் தொடங்கிவிட்டார்.

அவர் சொன்னதுதான் தொழில்நுட்பப் பிரச்சினையும். ஆறு படத்தையும் அப்படியே இணைத்தால் அக்காவுக்கு நான்கு கை, துடுப்புக்கு மூன்று காம்பு. இதைப் பேய் உருவம் என்பார்கள். லூமினன்ஸ் எச்டிஆரில் இதை அகற்ற ஒரு வசதி உண்டு. எச்டிஆர்மெர்ஜ் என்ற இன்னொரு மென்பொருளில் எந்த இடத்துக்கு எந்தப் படம் என்று தூரிகையால் காட்டலாம். நான் கண்ட வழி இன்னும் எளியது. அசையாத பொருளுக்கு மட்டும் ஆறு படங்களின் கலவை. ஆளுக்கும் தீக்கும் ஆவிக்கும் ஒரே ஒரு படம், பெரும்பாலும் ஐஎஸ்ஓவை ஏற்றி 1/60ல் தனியாக எடுத்தது. இரண்டையும் கிம்ப்பில் லேயர் மாஸ்க் வைத்துச் சேர்ப்பேன்.

முதல் நாட்களில் லூமினன்ஸ் எச்டிஆரிடம்தான் மயங்கிக் கிடந்தேன். 32 பிட் கோப்பாக இணைந்த படத்தைத் திரையில் நேரடியாகப் பார்க்க முடியாது. திரைக்கும் காகிதத்துக்கும் ஏற்ற மாதிரி அடக்கித் தர அதில் பல வழிமுறைகள் இருக்கின்றன; இந்த அடக்குதலைத்தான் டோன் மேப்பிங் என்பார்கள். மான்டியுக், ஃபட்டால், டிராகோ, ரைன்ஹார்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அதை ஆராய்ந்தவரின் பெயர். "அண்ணாச்சி, இதுக்கு ஃபட்டால் போடவா, மான்டியுக் போடவா?" என்று என் கடைப் பையன் கேட்கும்போது வெளியே பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் முழிப்பார்கள். ரைன்ஹார்ட் 2002ல் எழுதிய வழிமுறை, ஆன்சல் ஆடம்ஸ் கறுப்புவெள்ளைப் பிலிமுக்கு வகுத்த மண்டல முறையிலிருந்து பிறந்தது. அடக்கமான படம் வரும். ஃபட்டால் வேறு ரகம். ஒவ்வொரு மயிரிழையையும் தூக்கிக் காட்டும். பார்த்தவுடன் ஆளை அடிக்கும்.

அந்த அடிக்கிற படத்துக்கு ஊரில் ஒரு காலம் கிராக்கி இருந்தது. சினிமா போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, "எச்டிஆர் எஃபெக்ட்ல போடுங்க அண்ணாச்சி" என்பார்கள். தசராவில் காளி வேஷம் கட்டியவருக்கு அது ஒருவகையில் பொருந்தும். பூசிய சாயமும் சடையும் துருத்திக்கொண்டு நிற்கும். மணப்பெண்ணுக்குப் போட்டால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதுச் சுருக்கம் வந்துவிடும். மரத்தைச் சுற்றியும் கோபுரத்தைச் சுற்றியும் வெள்ளை வளையம் நிற்கும். கேட்டார்கள், கொடுத்தேன். ஆனால் ஆள் முகத்துக்கு எச்டிஆர் கூடாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி.

விடிலிப் படத்தையும் ஃபட்டாலில் போட்டுத்தான் அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கூரையின் ஒவ்வொரு ஓலையும் தெரிந்தது. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டைகளை எண்ணிவிடலாம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "யார் விடிலி இது? லைட்டு போட்டிருக்காவளா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என் வேலை திசை மாறியது. பதநீர் கொதித்து, பாகாகி, கெட்டிப்படுகிற நேரத்தில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் வித்தை அந்த அக்காவுக்கு உண்டு; கொஞ்சம் முந்தி இறக்கினால் சிரட்டையில் உறையாது, பிந்தினால் கசந்துபோகும். டோன் மேப்பிங்கும் அப்படித்தான், இறக்கத் தெரிய வேண்டும். ஆறு படம் எடுத்துவிட்டோம் என்பதற்காக ஆறு படத்தில் இருக்கிற எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. கூரை மூலை இருட்டாகவே இருக்கட்டும். அங்கே புகையும் கரியும் இருப்பது தெரிந்தால் போதும், ஓலை நரம்பு தெரிய வேண்டாம். வாசலுக்கு வெளியே மணல் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஆனால் கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் 2 வினாடிப் படத்தை எடுக்கிறேன், பாதி நேரம் அதைச் சேர்ப்பதில்லை.

இந்த அளவு வேலைக்கு என்ஃப்யூஸ் போதும். மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் மூவரும் 2007ல் சொன்ன முறையில் அது வேலை செய்கிறது. 32 பிட் கோப்பு, டோன் மேப்பிங் என்ற சுற்றே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் நன்றாகப் பதிந்திருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்து நேராகக் கலந்துவிடும். வெளிச்சத்துக்கு 1, நிறச் செறிவுக்கு 0.2, மாறுபாட்டுக்கு 0 என்பது அது தானாக எடுத்துக்கொள்ளும் எடை. தேரி மணலுக்கு அந்த 0.2ஐயும் நான் 0 ஆக்கிவிடுவேன். இல்லாவிட்டால் இரும்புத்துரு ஏறிய அந்தச் செம்மண் குங்குமம் கொட்டியது போலாகிவிடும். கலப்பதற்கு முன்னால் ஹுகினோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக் என்ற நிரலால் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டுமே கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடுகிறவை. ரேம் குறைந்த பழைய லேப்டாப்பும் மூச்சுத் திணறாது.

மிச்சம் கிம்ப்பில். 2018ல் 2.10 வரும்வரை கிம்ப் 8 பிட்டோடு நின்றது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மேகமில்லாத வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலே பட்டை பட்டையாகப் பிரியும். 2.10ல் 16, 32 பிட் இரண்டும் வந்தன. மான்டியுக், ஃபட்டால், ரைன்ஹார்ட் மூவரும் அதற்குள்ளேயே குடிவந்துவிட்டார்கள்.

மணப்பாட்டில் கதையே வேறு. 1542ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகையும், 1581ல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும் கடலுக்குள் நீட்டிய மணல் குன்றின் மேல் இருக்கின்றன. வெள்ளைச் சுவர், நீலக் கடல், மேகம். இங்கே பத்து ஸ்டாப் தேவையில்லை, லெ கிரே மாதிரி இரண்டு படம் போதும். அதுவும் சாய்ந்த வெயிலில் ஒரே ரா ஃபைலில் அடங்கிவிடும். தேவையில்லாத இடத்தில் பிராக்கெட்டிங் செய்தால் அலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும், இணைத்த கடல் பிசுபிசுத்துப் போகும். ஆலயத்துக்கு உள்ளேதான் எச்டிஆர் வேண்டும்: பீடத்து விளக்கு ஒரு பக்கம், வாசல் வழியே கடல் வெளிச்சம் மறுபக்கம். பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு, பூசை இல்லாத நேரத்தில் ஸ்டாண்டு வையுங்கள்.

கட்டற்ற மென்பொருளை எல்லா இடத்திலும் புகழ முடியாது. காலண்டருக்குப் படம் கொடுத்தால் சிவகாசி அச்சகத்தில் நான்கு வண்ண சிஎம்ஒய்கே கோப்பு கேட்பார்கள். கிம்ப் அதில் வெகுகாலம் கையை விரித்தது. நான் 16 பிட் டிஃப் கோப்பை கிரிட்டாவில் திறந்து அச்சு நிறத்துக்கு மாற்றித்தான் அனுப்பினேன். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இதில் தேறியிருக்கிறது. அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஆனாலும் செம்மணல் நிறம் திரையில் இருப்பதுபோல் ஆஃப்செட்டில் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இப்போது செல்போனே எச்டிஆர் எடுக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கிறது. 2010லேயே ஐபோனில் அந்த வசதி வந்துவிட்டது. கூகுளின் முறை, வெளிச்சம் குறைத்த பல படங்களைச் சடசடவென்று எடுத்துக் கூட்டிப் புள்ளிக் குப்பையைக் குறைக்கிறது. கையில் பிடித்தே எடுக்கலாம், பேய் உருவமும் அநேகமாக இல்லை. கையளவு திரையில் பார்ப்பதற்கு என் ஆறு படத்தைவிட அது மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கூரை மூலை எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும் என்று அது நம்மைக் கேட்பதில்லை. எல்லா விடிலிக்கும் லைட்டு போட்டுவிடுகிறது. லேபிள் படம், காலண்டர் படம், சுவரில் மாட்டுகிற படம் என்றால் ஸ்டாண்டும் ரா ஃபைலும் இன்னும் வேண்டியிருக்கிறது.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். காலை ஏழு, எட்டு மணிக்குள் விடிலிக்கு வந்துவிடுங்கள். காய்ச்சி இறக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் வாசல் வெயிலும் ஏறிவிடும். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. அடுப்படியில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், எடுத்ததை பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள், குடிக்கிற பதநீருக்கு மறக்காமல் காசு கொடுங்கள்.